இத்தாலிய மாவுப் பையில் "இத்ரத்தாத்தோ": ஈரம் என்று பொருளா, வேறா?

நெல்லைச்சீமை (தொரீனோ):

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணத்துக்குப் பிறகு தொரீனோ வந்து, பெரியவர்களுக்கான அரசு மொழி வகுப்பில் இத்தாலியன் படிக்கிறேன். ஒரு சொல் எங்கே போனாலும் கண்ணில் படுகிறது. கடையில் ரொட்டி மாவுப் பையில் "இம்பாஸ்தி மோல்த்தோ இத்ரத்தாத்தி"க்கு உகந்தது என்று போட்டிருக்கிறது. முகத்துக்குப் பூசும் க்ரீமில் "இத்ரத்தாந்தே". பப்பாளித் துண்டுப் பாக்கெட்டில் "திஸித்ரத்தாத்தா". எதிர்வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது. அங்கே அடுக்கியிருக்கும் மூட்டையில் "கால்ச்சே இத்ராத்தா".

அகராதியில் "நீர் சேர்க்கப்பட்ட" என்று ஒரே வரிதான். அப்படியானால் மழையில் நனைந்த துணியை இத்ரத்தாத்தோ எனலாமா? ஊறவைத்த கொண்டைக்கடலையை? ரொட்டி மாவு "மிகவும் இத்ரத்தாத்தோ" என்றால் எவ்வளவு தண்ணீர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்விரும்பி (கோயம்புத்தூர்):

நீங்கள் சொன்ன நாலும் ஒரே வேரில் முளைத்தவை. தண்ணீருக்கு இத்தாலியனில் அன்றாடச் சொல் ஆக்குவா. அது லத்தீன் வழி வந்தது. மருத்துவம், வேதியியல், தொழில் என்று வந்துவிட்டால் கிரேக்கத்திலிருந்து வந்த "இத்ர" முன்னால் நிற்கும். கிரேக்கத்தில் இருந்த ஹகரத்தை இத்தாலியன் உதறிவிட்டது.

இத்ரத்தாரே என்பது வினை: நீரேற்று. அதிலிருந்து இத்ரத்தாத்தோ, நீரேறியது. இத்ரத்தாந்தே, நீரேற்றுவது. முன்னால் "திஸ்" சேர்ந்தால் நீர் போய்விட்டது என்று பொருள். ஆக, தோல் இத்ரத்தாத்தா ஆகும், அதை அப்படி ஆக்கும் க்ரீம் இத்ரத்தாந்தே. இரண்டையும் மாற்றிப் போட்டால் கடைக்காரருக்கு விளங்கும், ஆனால் வாக்கியம் தப்பு.

பாலும் எண்ணும் பார்த்து முடிவு மாறுவதை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இத்ரத்தாத்தோவுக்கு நாலு வடிவம்: தோ, தா, தி, தே. இத்ரத்தாந்தேவுக்கு இரண்டுதான், ஒருமைக்கு தே, பன்மைக்கு தி. ஒரு க்ரீம் "க்ரேமா இத்ரத்தாந்தே", பல க்ரீம்கள் "க்ரேமே இத்ரத்தாந்தி".

நனைந்த துணிக்கு வேறு சொல்: பாஞாத்தோ. தொப்பலாக நனைந்தால் "பாஞாத்தோ ஃப்ராதிச்சோ". கல்யாணத்தன்று மழை பெய்தால் "நனைந்த மணப்பெண் அதிர்ஷ்டக்காரி" என்று ஒரு பழமொழி சொல்வார்கள், அதிலும் இந்த பாஞாத்தாதான். சுவரில் ஓதம் ஏறியிருந்தாலோ துணி சரியாகக் காயாமல் இருந்தாலோ ஊமிதோ. பல ஊர்களில் சமையலறைக் கழிவுக் கூடைக்கும் "லூமிதோ" என்றே பெயர். ஊமிதோ என்பது தொட்டால் தெரிகிற ஈரம். இத்ரத்தாத்தோ உள்ளே போய்த் தங்கிவிட்ட நீர்.

கொண்டைக்கடலைக்கும் இது வராது. அதை "இன் அம்மொல்லோ" போடுவார்கள், ஊறப்போடுவது. உப்புக் கண்டம் போட்ட பக்கலா மீனும் அம்மொல்லோதான். காய்ந்த போர்ச்சினி காளானை வெந்நீரில் போடுவதற்கு "ரின்வெனீரே" என்ற வினை இருக்கிறது. மயக்கம் தெளிந்து எழுகிற ஆளுக்கும் அதே வினை. எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் அது.

மாவுக்கை (பொலோஞ்ஞா):

பேக்கரியில் மாவு பிசையும் பக்கம் வேலை செய்கிறேன், அதனால் ரொட்டிக் கதையை நான் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் இத்ரத்தாத்தோ என்பதற்குப் பின்னால் எப்போதும் ஓர் எண் இருக்கிறது. மாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தண்ணீர் எத்தனை என்று சொல்வதுதான் இத்ரத்தசியோனே. 500 கிராம் மாவுக்கு 350 கிராம் தண்ணீர் விட்டால் 70%. 400 விட்டால் 80%. தண்ணீரைத் தம்ளரில் அளக்க மாட்டோம், தராசில்தான்.

எது "மோல்த்தோ", அதாவது மிகவும், எது சாதாரணம் என்பதற்குச் சட்டம் கிடையாது, வழக்கம்தான். நேப்பிள்ஸ் பீட்சா தண்ணீர் குறைந்த பக்கம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் அதற்கு மரபுப் பண்டம் என்ற முத்திரை கொடுத்தபோது அளவையும் எழுதிவைத்தார்கள்: 1 லிட்டர் தண்ணீர், 1.8 கிலோ மாவு, 50 முதல் 55 கிராம் கடல் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். கணக்குப் போட்டால் 56 சதவீதத்துக்கும் குறைவு. அடுப்பு ஏறக்குறைய 485 டிகிரியில் எரிகிறது, பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்து வெளியே வந்துவிடும். அந்த வேகத்தில் தண்ணீர் ஆவியாகிப் போக நேரமே இல்லை, அதனால் குறைந்த தண்ணீரிலும் மெத்தென்று வருகிறது. ரோமில் தட்டில் ஊற்றிச் சுடும் பீட்சா மெல்ல வேகிறது. அதற்கு 80-ஐத் தொட்டாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ரொட்டியில் பார்த்தால், தண்ணீர் மிகுந்த மாவுக்குப் பேர்போனது சாபாத்தா. பழைய ரொட்டி என்று பலர் நினைக்கிறார்கள், அது 1982-ல்தான் பிறந்தது. வெனேத்தோ பகுதியின் அத்ரியா என்ற ஊரில் அர்னால்தோ கவல்லாரி உருவாக்கினார். பிரெஞ்சு பாகெத் இங்கே கொடிகட்டிப் பறந்த காலம், அதற்குப் பதிலாக ஒன்று வேண்டியிருந்தது. சாபாத்தா மாவு மேசையில் போட்டால் பரவும். அதை உருட்டி வடிவம் கொடுக்க முடியாது, வெட்டி அப்படியே சுட வேண்டியதுதான். சாபாத்தா என்றால் செருப்பு; அந்தத் தட்டை வடிவம் தண்ணீரால் வந்தது.

அப்புறம் ஒரு விஷயம். "பானே இத்ரத்தாத்தோ" என்று சுட்ட ரொட்டியைச் சொல்ல மாட்டோம். இம்பாஸ்தோதான், அதாவது பிசைந்த மாவுதான், இத்ரத்தாத்தோ. ரொட்டியைப் பற்றிப் பேச வேண்டுமானால் "ஆல்தா இத்ரத்தசியோனே" ரொட்டி, உயர் நீரேற்ற ரொட்டி என்போம். சுட்ட ரொட்டியின் உள்சதை ஈரமாக இருந்தால் அது ஊமிதா. பெரும்பாலும் புகாராகத்தான் வரும்.

பலெர்மோ_பாண் (பலெர்மோ):

அக்கா சொன்னது சரி. நான் இங்கே ஒரு பேக்கரியில் இரவு வேலை செய்கிறேன். பலெர்மோவில் எங்கட ஆக்கள் கனபேர் இருக்கிறோம், சமையலறைகளில் பாதிப்பேர் தமிழ் கதைப்பினம். நாங்கள் பாண் என்கிறதும் இவர்கள் பானே என்கிறதும் ஒரே லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான், எங்களுக்கு அது போர்த்துக்கேயர் வழியாக வந்தது.

இங்கே பாணுக்குப் பெரும்பாலும் ரிமச்சினாத்தா, அதாவது இரண்டாம் முறை அரைத்த துரும் கோதுமை ரவை மாவு. மேலே எள்ளு போட்ட மஃபால்தா பாண் அதில்தான். அந்த மாவு தண்ணீரை இழுக்கிற இழுவை வேறு. துரும் கடினமான தானியம், நைசாக அரைக்கும்போது மாப்பொருள் மணிகள் உடைபடும், உடைந்த மணி கூடத் தண்ணீர் குடிக்கும். முதல் அஞ்சு நிமிஷம் கஞ்சி மாதிரிக் கிடக்கும். அரை மணித்தியாலம் மூடி வைத்துவிட்டுப் பார்த்தால் கையில் பிடிக்கலாம். இத்ரத்தாத்தோ என்ற சொல்லே எனக்கு அப்போதுதான் விளங்கினது: விட்ட தண்ணீர் மாவுக்குள்ளே போக நேரம் வேணும்.

இந்த ஊர்த் தடித்த பீட்சாவான ஸ்ஃபின்ச்சோனேக்கும் மாவைத் தளரத்தான் குழைப்பம். தக்காளி, வெங்காயம், நெத்தலி, கச்சோக்கவாலோ சீஸ், பாண் தூள் எல்லாம் மேலே ஏறும். மாவு இறுக்கமாக இருந்தால் அந்தப் பாரத்தில் கட்டையாகிப் போகும்.

கணக்குப்பிள்ளை (மதுரை):

ஒரு சந்தேகம். 70% என்றால் பிசைந்த மாவில் 70 பங்கு தண்ணீர் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இங்கே சொல்வது வேறாக இருக்கிறதே? இன்னொன்று: உலர்ந்த மாவிலும் கொஞ்சம் ஈரம் இருக்குமே, அதைச் சேர்ப்பதில்லையா?

மாவுக்கை (பொலோஞ்ஞா):

காணொளி தப்பு, நீங்கள் பிடித்தது சரி. 500 மாவு, 350 தண்ணீர் சேர்ந்தால் 850 கிராம். அதில் தண்ணீரின் பங்கு 41% தான். இத்ரத்தசியோனே பங்கு அல்ல, மாவோடு ஒப்பிட்ட அளவு. அதனால்தான் 100% என்று கூட ஒன்று இருக்க முடிகிறது: திரவப் புளிமாவில், இங்கே லிக்கொலி என்பார்கள், மாவும் தண்ணீரும் சம எடை.

அந்த லிக்கொலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன மாவில் 100 கிராம் லிக்கொலி போட்டால் மாவு 550, தண்ணீர் 400. இப்போது 73 சதவீதத்துக்குப் பக்கம். குறிப்பில் 70 என்று எழுதிவிட்டு 73 பிசைந்தால், கை வேறொன்றைச் சொல்லும்.

மாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரம் இதில் சேராது. அதற்குப் பெயர் ஊமிதிதா. இத்தாலியில் மாவுக்கான 2001-ஆம் ஆண்டு ஆணை அதை 14.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதாவது "உலர்ந்த" மாவு ஒரு கிலோவில் 145 கிராம் வரை தண்ணீர் இருக்கலாம், ஆனால் அந்த மாவை யாரும் இத்ரத்தாத்தா என்று சொல்வதில்லை. ஊமிதிதா மாவில் இருக்கிறது. இத்ரத்தசியோனே நாம் செய்கிற வேலை.

மாலைவெயில் (சென்னை):

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். நான் சமையல் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறேன். "தளர்த்தியாகப் பிசைந்த மாவு" என்று எழுதினால் எந்த வீட்டிலும் புரியும். நீரேற்றம் என்று எழுதினால் வேதியியல் புத்தகம் மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

மாவுக்கை (பொலோஞ்ஞா):

ஒன்றல்ல, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தளர்த்தி என்பது கைக்குத் தெரிவது. இத்ரத்தாத்தோ என்பது தராசுக்குத் தெரிவது. பலெர்மோத் தம்பியின் துரும் மாவில் 70% போட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். கேக்குக்கு எடுக்கும் மெல்லிய 00 மாவில் 65% போட்டாலே கையில் ஒட்டி வழியும். தண்ணீர் அதிகம் உள்ளது இறுக்கமாகவும், குறைவாக உள்ளது தளர்வாகவும் நிற்கிறது. "தளர்த்தியாக" என்று மட்டும் எழுதினால் குறிப்பைப் படிப்பவர் எத்தனை கிராம் ஊற்றுவார்?

காரணம் மாவின் பலம். கோதுமைப் புரதம் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பிடித்த பிறகுதான் குளூட்டன் வலை பின்னப்படுகிறது. இந்தப் பலத்தை இங்கே டபிள்யூ என்ற எண்ணால் சொல்வார்கள்; பிசைந்த மாவைக் காற்றூதிக் குமிழியாக்கி, அது வெடிக்கும்வரை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கிற பிரெஞ்சுக் கருவி ஒன்று தருகிற எண். பிஸ்கட் மாவு 160-க்குக் கீழே. நேப்பிள்ஸ் பீட்சா முத்திரை 220 முதல் 380 வரை கேட்கிறது. கனடாவின் மாகாணப் பெயரைச் சுமக்கிற மனித்தோபா மாவு 350-ஐத் தாண்டிப் போகும். பலவீனமான மாவில் 80% ஊற்றினால் அது நீரேறிய மாவு ஆகாது, மாவு கரைந்த தண்ணீர்தான்.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். 80% மாவை இயந்திரத்தில் போட்டதும் கிண்ணத்தின் அடியில் கூழாகத்தான் சுற்றும். எல்லாத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றுவதில்லை; பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒரு கட்டத்தில் சத்தம் மாறும். சளசளவென்று இருந்தது அறைகிற சத்தமாகும், மாவு கொக்கியைக் கயிறுபோல் சுற்றிக்கொண்டு கிண்ணத்தின் சுவரை விட்டு எழும்பும். இதை "இன்கொர்தாத்தோ" என்பார்கள், கயிறேறிய மாவு. அப்போது நனைத்த கையால் தொட்டால் மாவு வழுக்கும், ஒட்டாது. அத்தனை தண்ணீர் அதற்குள் இருந்தும் மேலே ஈரம் தெரியாது. இதைத்தான் இத்ரத்தாத்தோ என்கிறோம். இதை "ஈரமான மாவு" என்று எழுதினால் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது 85, 90 என்று எண்ணைக் காட்டிப் பெருமைப்படுவது பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தென் இத்தாலியின் ஆல்த்தமூரா ரொட்டி 2003 முதல் ஐரோப்பியப் பெயர்ப் பாதுகாப்பு பெற்றது. அதன் விதியில் 100 கிலோ துரும் மாவுக்கு 60 லிட்டர் தண்ணீர், 20 கிலோ புளிமாவு, 2 கிலோ உப்பு, அவ்வளவுதான். அந்த ரொட்டி நாள்கணக்கில் கெடாமல் நிற்கிறது, யாரும் குறை சொன்னதில்லை.

சொல்விரும்பி (கோயம்புத்தூர்):

நானும் மாவுக்கை பக்கம். தமிழில் நீரேற்றம் பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்ட சொல், சமையலுக்கு எடுத்தால் குற்றமில்லை. "70% நீரேற்ற மாவு" என்று எழுதி, பக்கத்தில் கிராமும் கொடுத்துவிட்டால் போதும்.

மருந்துக்கடை (பெர்காமோ):

க்ரீம் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஃபர்மச்சியாவில் இந்தக் கேள்வி தினமும் வரும். பெல்லே செக்கா, பெல்லே திஸித்ரத்தாத்தா இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார்கள். இங்கே அவை வேறு வேறு. செக்கா என்றால் எண்ணெய்ப் பசை குறைந்த தோல், அது பெரும்பாலும் பிறவி இயல்பு. திஸித்ரத்தாத்தா என்றால் நீர் குறைந்த தோல், அது நிலைமை. குளிர்கால ஹீட்டர், காற்று, கடுமையான சோப்பு எதுவும் காரணமாகலாம். எண்ணெய் வழியும் முகம் கூட திஸித்ரத்தாத்தா ஆகும். அதனால்தான் முகப்பரு உள்ள பிள்ளைக்கும் இத்ரத்தாந்தே க்ரீம் கொடுக்கிறோம், அம்மாக்கள் ஏற்கெனவே எண்ணெயாக இருக்கிறதே என்று தயங்குவார்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம், யூரியா இவை நீரைப் பிடித்துவைப்பவை. வாசலின் போன்றவை மேலே படலம் போட்டு உள்ளே இருக்கும் நீர் பறக்காமல் காப்பவை. நல்ல இத்ரத்தாந்தேயில் இரண்டு வேலையும் இருக்கும். "நுத்ரியென்தே" என்று போட்டிருந்தால் அது எண்ணெய்ப் பசைக்கு, செக்கா தோலுக்கு.

குடிப்பதற்கு இத்ரத்தாந்தே அவ்வளவாக வராது. தாகம் தீர்க்கும் பானம் திஸ்ஸெத்தாந்தே. சேத்தே என்றால் தாகம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று உப்புச் சர்க்கரைக் கரைசல் கேட்க வந்தால் "ரெயித்ரத்தாந்தே" என்று கேளுங்கள், இழந்த நீரைத் திரும்ப ஏற்றுவது.

பூச்சுவேலை (திருச்சி):

நான் சிவில் வேலை, சில ஆண்டுகள் வெனேத்தோவில் பழைய கட்டடப் புதுப்பிப்பில் இருந்தேன். கால்ச்சே இத்ராத்தா என்பது நம்ம நீற்றிய சுண்ணாம்பு, தூளாக. சுட்ட சுண்ணாம்புக்கு கால்ச்சே வீவா, உயிருள்ள சுண்ணாம்பு என்று பெயர். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கும். பொங்கி அடங்கியது கால்ச்சே ஸ்பெந்தா, அணைந்த சுண்ணாம்பு.

மூட்டையைத் தொட்டால் காய்ந்த தூள்தான், சொட்டு ஈரம் இருக்காது. தண்ணீர் சுண்ணாம்போடு வேதியியலாகச் சேர்ந்து வேறு பொருளாகிவிட்டது. அதனால்தான் இத்ரத்தாத்தா இல்லை, இத்ராத்தா. மூட்டையைச் சும்மா கையால் தொடாதீர்கள், தோலையும் கண்ணையும் எரிக்கும்.

நெல்லைச்சீமை (தொரீனோ):

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு கேள்வி மிச்சம். காய்ந்த பப்பாளி ஏன் திஸித்ரத்தாத்தா, காய்ந்த காளான் மட்டும் ஏன் செக்கோ? அப்புறம், வெயில் காலச் சுவரொட்டி ஒன்றில் "இத்ரத்தாத்தி!" என்று ஆச்சரியக்குறியோடு போட்டிருக்கிறது. யாரைப் பார்த்து "நீரேறியவர்களே" என்கிறார்கள்?

சொல்விரும்பி (கோயம்புத்தூர்):

சுவரொட்டியில் இருப்பது பெயரடையே அல்ல. எழுத்து ஒன்று, அழுத்தம் வேறு. "ரத்" மேல் அழுத்திச் சொன்னால் அது ஏவல்: நீ தண்ணீர் குடி, உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள். "தா" மேல் அழுத்தினால்தான் பன்மைப் பெயரடை. எழுத்தில் பொதுவாக அழுத்தக் குறி போட மாட்டார்கள், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். கோடையில் சுகாதார அமைச்சகம் 27 நகரங்களுக்கு வெப்ப எச்சரிக்கை வெளியிடும். சிவப்பு வந்த நாளில் இந்த ஏவலை எங்கும் கேட்கலாம்.

செக்கோ பழைய சொல், வீட்டுச் சொல். வெயிலில் காய்ந்த தக்காளி, காளான், அத்தி எல்லாம் செக்கோ. "ஃப்ரூத்தா செக்கா" என்றால் பாதாம், வால்நட் கூட அதில் அடங்கும். இயந்திரத்தில் காற்றோட்டி நீர் நீக்கியதற்கு திஸித்ரத்தாத்தோ. வெளியிலிருந்து துண்டாக வரும் பப்பாளி, அன்னாசி வகைக்கு அதைத்தான் அதிகம் காணலாம்.

நெல்லைச்சீமை (தொரீனோ):

புரிந்தது. அப்படியானால் அந்த மாவுப் பையை வாங்கலாமா? டபிள்யூ எண் பையில் எங்கேயும் இல்லை.

மாவுக்கை (பொலோஞ்ஞா):

கடைப் பைகளில் பெரும்பாலும் போட மாட்டார்கள். பக்கவாட்டில் சத்துப் பட்டியலில் புரதத்தைப் பாருங்கள்: 100 கிராமில் 13 கிராமுக்கு மேல் இருந்தால் 75% வரை தைரியமாகப் போகலாம். 10 கிராம் சுற்றி என்றால் அது கேக்குக்கு. ஆனால் ரிமச்சினாத்தாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதில் புரதம் அதிகம், வலை வேறு மாதிரி.

முதலில் 65-ல் ஆரம்பியுங்கள். 500 மாவு, 325 தண்ணீர், 10 உப்பு. கலந்து அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு அப்புறம் பிசையுங்கள். அது கைக்கு வந்துவிட்டால் அடுத்த தடவை 25 கிராம் தண்ணீர் கூட்டலாம்.

பலெர்மோ_பாண் (பலெர்மோ):

கையைக் காய்ந்த மாவில் தொடாமல் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிசையுங்கோ தங்கச்சி. ஒட்டுது என்று மேலதிகமாக மாவு தூவினால் 65 போட்டது 58 ஆகிப்போகும்.